வெள்ளிக்கிழமை இரத்தம்

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். ஜீவராணிக்கு எப்போது கல்யாணம்? ஐயா, அம்மா, அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அதைப் பற்றி அவளே கவலைப்பட்டதில்லை, நீங்கள் ஏன் நித்திரை கெடுகிறீர்கள்? இன்று அவளுக்கு வந்திருக்கிற தலையிடி வேறு. அதைக் கேளுங்கள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டொக்டர் ஜீவராணி ஊசி போடுகிற டொக்டர் இல்லை. நோய் வந்தால் உடம்பு எப்படிச் சண்டை பிடிக்கிறது என்று குருதிக் குழியங்களைப் பார்த்துப் படிக்கிற விஞ்ஞானி. பல்கலைக்கழகத்தில் சிரேஷ்ட விரிவுரையாளர். வெள்ளவத்தையில் அவர்களுடைய தொடர்மாடியில் இது ஒருவருக்கும் விளங்கியதில்லை. பதினொரு வருடமாக லிஃப்டில் மறித்து இருமலுக்கு மருந்து கேட்கிறார்கள். நான்காம் மாடியில் அக்கா ஜெயராணியோடும் அத்தான் சிவபாலனோடும் இருக்கிறாள்.

டெங்கு வந்து மாறிய சிலருக்கு மாதக்கணக்காகியும் களைப்புப் போவதில்லை. மாடிப்படி ஏற முடியாது, வேலைக்குப் போக முடியாது. டொக்டர்மார் எல்லாம் மனப்பிரமை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஜீவராணி மட்டும் ஆறு வருடமாக அவர்களின் இரத்தத்தைத் துளைத்துத் துளைத்துப் பார்த்தாள். மொனோசைட் என்ற பெரிய வெள்ளைக் குழியங்கள், சுகமாக இருக்கிற ஆட்களைவிட இவர்களிடம் மிக அதிகம் என்று கண்டாள். கட்டுரை எழுதி லண்டன் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினாள். அவர்களும் போடச் சம்மதித்தார்கள். ஆனால் மதிப்பீட்டாளர்களில் மூன்றாவது ஆள் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அதற்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். சென்ற வாரம் அங்கேதான் நிறுத்தினோம்.

கேள்வி இதுதான். இரத்தம் கொடுக்குமுன் இவர்கள் எல்லாரும் கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள்?

ஒரு வரியில் பதில் எழுதி அனுப்பினால் கட்டுரை ஏற்கப்படும். அடுத்த புதன்கிழமை பேராசிரியர் பதவிக்கு நேர்முகம். இரண்டு முறை கேட்டு இரண்டு முறையும் ‘பெரிய சஞ்சிகையில் ஒன்றும் வரவில்லையே’ என்று திருப்பி அனுப்பப்பட்டவள் அவள். மூன்றாவது முறையும் அந்த வார்த்தையைக் கேட்டால் மேசையைப் புரட்டிவிட்டு வருவாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. இடியப்பத்தையும் சொதியையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, சுகமான ஆட்களின் படிவங்களை மேசையில் பரப்பினாள். மொத்தம் இருபத்திரண்டு பேர். ஏழு பேர் பல்கலைக்கழக மாணவர்கள். மற்றப் பதினைந்து பேரும் தொடர்மாடிப் பெண்கள். அக்காதான் அவர்களைப் பிடித்துக் கொடுத்தவள், படிவம் நிரப்பியவளும் அவள்தான். முதலாம் நம்பர் அக்காவேதான்.

கடைசியாகச் சாப்பிட்ட நேரம் என்ற இடத்தில் பதினைந்து பேருக்கும் முத்து முத்தாக ஒரே பதில். காலை 8.00.

“என்னடி, விடியக் காலமையே சிரிக்கிறாய்?” என்று கேட்டுக்கொண்டு வந்தாள் ஜெயராணி.

“மூண்டாவது ஆள் கேட்ட கேள்விக்கு நீங்கள் போன வருஷமே பதில் எழுதி வைச்சிட்டீங்கள், அக்கா. எல்லாரும் சாப்பிட்டிருக்கினம். என்ட தலை தப்பிச்சுது.”

ஜெயராணி படிவங்களைப் பார்த்தாள். தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொதிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

“பஸ்ஸுக்கு நேரமாகுது. சாப்பிட்டுப் போட்டு ஓடு,” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

ஜீவராணி இதைக் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை. மனிதர் முகத்தைக் கவனித்துப் பழகியிருந்தால் அவள் ஏன் குழியத்தைக் கட்டிக்கொண்டு அழப்போகிறாள்?

ஆய்வுகூடத்தில் ஒரு மெஷின் இருக்கிறது. குருதிக் குழியங்களை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் ஓடவிட்டு, இது யார், அது யார் என்று எண்ணிச் சொல்லும். முழுப் பீடத்துக்கும் அந்த ஒரு மெஷின்தான். திங்கள் முதல் வியாழன் வரை பெரிய பேராசிரியர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவருக்கும் வேண்டாத வெள்ளிக்கிழமைப் பின்னேரம், இரண்டரை முதல் ஆறு வரை, ஜீவராணிக்கு. எடுத்த இரத்தத்தை நாட்கணக்கில் வைத்திருந்து எண்ணவும் முடியாது. ஆகவே ஆறு வருடமாக அவள் தொட்ட இரத்தம் எல்லாம் வெள்ளிக்கிழமை இரத்தம்தான்.

மெஷினைப் பார்த்துக்கொள்கிறவள் நிப்லா. கொட்டாஞ்சேனைக்காரி, இரண்டு பிள்ளைகளின் தாய், பதினைந்து வருட அனுபவம். கட்டுரையில் அவளுடைய பெயர் கடைசி வரியில், நன்றி என்ற இடத்தில்தான் வரும். ஆனால் கட்டுரையை முழுதாக வாசித்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

ஜீவராணி மதிப்பீட்டாளரின் கேள்வியை அவளுக்கு வாசித்துக் காட்டினாள். நிப்லா சிரிக்கவில்லை.

“மேடம், ஒண்டு சொல்லட்டா? கோவிக்கப்படாது.”

“சொல்லுங்கோ.”

“போன நோம்புல மெஷின் சரியா ஓடுதா எண்டு பாக்க எண்ட ரத்தத்த எடுத்தோமே, ஞாபகம் ஈக்கா? மொனோசைட் இருநூத்துச் சொச்சம் தான் வந்த. பெருநாளைக்குப் பொறகு திருப்பி எடுத்தா ஐந்நூறு. மெஷின் பிழை எண்டு நீங்க கம்பனிக்காரனுக்கு அந்த ஏச்சு ஏசினீங்க.”

“ஓம். அவன் வந்து ரெண்டு நாள் கழட்டிப் பூட்டினவன்.”

“மெஷின்ல ஒரு பிழையுமில்ல மேடம். நோம்பு புடிச்சா எறங்குது, சாப்பிட்டா ஏறுது. நான் அப்பவே நெனச்ச. சொன்னா சிரிப்பீங்களோ எண்டு சொல்லல்ல.”

ஜீவராணி உடனே எழுந்து தன் மேசைக்குப் போனாள். கணினியைத் திறந்தாள். இருபத்திரண்டு சுகமான ஆட்களையும் இரண்டாகப் பிரித்தாள். மாணவர்கள் ஏழு பேருக்கும் சராசரி நானூற்று எழுபது. தொடர்மாடிப் பெண்கள் பதினைந்து பேருக்கும் இருநூற்று முப்பது. அந்த வித்தியாசம் அவளுக்கு முன்பே தெரியும். ‘வயது, பால் காரணமாக இருக்கலாம்’ என்று தானே ஓர் அடிக்குறிப்பும் போட்டிருக்கிறாள். கெட்டிக்காரி!

பதினைந்து பேரும் பெண்கள். பதினைந்து பேரும் அக்காவின் பஜனைக் கூட்டம். எடுத்ததெல்லாம் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில் மச்சம் மாமிசம் சமைக்க மாட்டாள், மரக்கறிதான். வெள்ளி விரதம் என்றால் அவ்வளவுதான் என்று ஜீவராணி இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். காலை ஏழரைக்குப் போய் இரவு எட்டுக்கு வருகிற ஒருத்திக்கு வேறு என்ன தெரியும்? தெரியத்தான் வேண்டும், ஒரே வீடு. தன் மீதே அவளுக்கு அப்படி ஓர் எரிச்சல் வந்தது.

நோயாளிகளோ கிளினிக்குக்கு வருகிறபோதே கன்டீனில் மீன் வைத்த மாலுபாணும் பால் போடாத பிளேன்டீயும் அடித்துவிட்டு வருகிறவர்கள். அவர்களின் மொனோசைட் ஐந்நூறுக்குக் கொஞ்சம் மேல். சாப்பிட்ட மாணவர்களுக்கும் அவர்களுக்கும் அப்படி ஒன்றும் வித்தியாசமில்லை.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் யேசுரட்ணம் வத்தளையிலிருந்து போன் எடுத்தார். அவளுக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று காட்டிக் கொடுத்தவர் அவர்தான். வருகிற டிசம்பரில் வேலையிலிருந்து இளைப்பாறுகிறார். கட்டுரையில் இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறது. சஞ்சிகையின் தளத்துக்குள் நுழைகிற கடவுச்சொல் அவரிடம்.

“ஜீவா, நீர் அந்த வரியை எழுதியாச்சோ?”

“இல்லை சேர். ஒரு சந்தேகம் வந்திருக்கு.”

“சந்தேகத்தைப் புதன்கிழமைக்குப் பிறகு படும். படிவத்தில என்ன இருக்கு?”

“எல்லாரும் சாப்பிட்டதெண்டு இருக்கு. ஆனா…”

“ஆனா என்ன ஆனா? படிவத்தில இருக்கிறதை எழுதும். நாங்கள் என்ன அவையின்ட வயித்தைக் கிழிச்சா பாக்கிறது? அஞ்சு மணிக்கு முன்னம் எழுதி அனுப்பும்.”

போனை வைத்துவிட்டார். ஜீவராணி கைப்பையைத் தூக்கினாள். பதினொன்றரைக்கு த்ரீவீலில் ஏறினால் பம்பலப்பிட்டியில் அசையாமல் நிற்கிறது. “பார ப்ளொக், நோனா,” என்று ரோட்டு அடைபட்டதைச் சிங்களத்தில் சொன்னான் சாரதி, அது அவளுக்குத் தெரியாதது மாதிரி. கடைசி அரைக் கட்டைத் தூரத்தை வெயிலில் நடந்தே போனாள்.

கதவைத் திறந்தது அத்தான் சிவபாலன். கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் கம்பனியில் முப்பது வருடம் கிளாக்காக இருந்து இளைப்பாறிய மனிதர். இப்போது பகலில் சமைப்பது அவர்தான்.

“என்ன ஜீவா, இந்த நேரம்?”

“அக்கா எங்க?”

ஜெயராணி சுவாமி அறையிலிருந்து வந்தாள். தங்கச்சியின் கையில் படிவக் கட்டைக் கண்டதும் கதிரையில் இருந்துவிட்டாள்.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. இவையெல்லாம் சாப்பிட்டுட்டா ரத்தம் குடுத்தவை?”

“எழுதியிருக்குத் தானே.”

“எழுதினது நீங்கள்.”

ஜெயராணி சேலைத் தலைப்பைச் சுருட்டினாள், விரித்தாள். ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குப் பொய் சொல்ல இன்னும் சரியாக வராது.

“இல்லை,” என்றாள். “ஒருத்தரும் சாப்பிடேல்ல. வெள்ளிக்கிழமையில நாங்கள் பின்னேரம் கோயிலால வந்துதான் சாப்பிடுறனாங்கள். முதல் நாள் ரெண்டாம் மாடி விமலாக்கா சாப்பிடேல்ல எண்டு சொன்னவ. உங்கட நேர்ஸ் பிள்ளை, மயங்கி விழுவீங்கள் எண்டு திருப்பி அனுப்பிப் போட்டுது. படிவத்துக்குக் கீழயும் அடிச்சிருக்கு, சாப்பிடாத ஆக்களிட்டை ரத்தம் எடுக்கமாட்டம் எண்டு.”

“அதுக்கு?”

“அதுக்கு என்ன? உனக்கு ஆள் காணாதெண்டு நீ அந்த மேசையில இருந்து அழுதனி. நான் வீடு வீடாப் போய்க் கெஞ்சிப் பதினைஞ்சு பேரைப் பிடிச்சனான். திருப்பி அனுப்பினா திரும்ப வருவினமே? எட்டு மணி எண்டு எழுதினன். மயங்கி விழாட்டிச் சரிதானே எண்டு நினைச்சன். ஒருத்தரும் விழேல்ல.”

பாருங்கள், இதில் யாரைக் கோபிக்கிறது? அந்தக் கேள்வியைப் படிவத்தில் போட்டதே ஆட்கள் மயங்கி விழக்கூடாதென்றுதான். போட்டவள் ஜீவராணி. அதை அக்கா இரத்தம் எடுப்பதற்கு அனுமதிச்சீட்டு என்று விளங்கிக்கொண்டாள். நானும் நீங்களும் அதைத்தான் செய்திருப்போம்.

ஆனால் ஜீவராணி கோபித்தாள். அப்படிக் கத்தினாள். “ஆறு வருஷம், அக்கா! ஆறு வருஷத்தையும் ஒரு எட்டு மணியால கெடுத்துப் போட்டீங்களே! என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?”

“கெட்டுப்போச்செண்டு உனக்கு நிச்சயமாத் தெரியுமோ?”

அந்தக் கேள்வியில் ஜீவராணி நின்றாள். தெரியாது. பட்டினிதான் காரணமா, அல்லது உண்மையிலேயே வயதும் பாலுமா என்று தெரியாது. ஒரே ஆளிடம் பட்டினியோடு ஒரு தரம், சாப்பிட்டு மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு தரம் எடுத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். மெஷின் இன்றைக்குத்தான் கிடைக்கும். அவளோ காலையிலேயே இடியப்பத்தை விழுங்கிவிட்டாள்.

“அக்கா, நீங்கள் இண்டைக்கும் சாப்பிடேல்ல என்ன? என்னோட வாங்கோ. ஒருக்கா ரத்தம் எடுப்பம். பிறகு நீங்கள் சாப்பிட வேணும். பிறகு திரும்ப ஒருக்கா எடுப்பம்.”

“ரத்தம் எவ்வளவும் எடு. சாப்பிடச் சொல்லாதை.”

“ஒரு நாள் தானே!”

“ஏலாது எண்டு சொன்னா ஏலாது!”

ஜெயராணி அப்படிக் குரல் உயர்த்துகிறவள் இல்லை. ஜீவராணி அத்தானைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பேச்சைக் கேட்டதுமே சோறு கட்டத் தொடங்கியிருந்த சிவபாலன் வாழையிலையைக் கீழே வைத்தார்.

“சொல்லுமன் ராணி. இன்னும் என்னத்துக்கு மறைக்கிறீர்?” என்றார் மனைவியிடம். பிறகு மச்சாள் ஜீவராணியிடம் திரும்பினார். “இது வழக்கமான வெள்ளி இல்லை ஜீவா. நீர் அந்தக் கட்டுரையை அனுப்பின கிழமை உம்மட அக்கா இருபத்தொரு வெள்ளி எண்டு நேர்ந்து பிடிக்கத் தொடங்கினவ. தண்ணியைத் தவிர ஒண்டும் இல்லை. கட்டுரை சரிவர வேணும், உமக்குப் பதவி கிடைக்க வேணும் எண்டு. இண்டைக்கு இருபதாவது.”

ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகையாக மாறப் பார்த்தது. அவள் விடவில்லை, அதையும் கோபமாக்கினாள்.

“நான் கேட்டனானோ? எனக்காகப் பட்டினி கிட எண்டு நான் ஆரையும் கேட்டனானோ?”

“கேட்டாத்தான் செய்யிறதோ?” என்றாள் அக்கா. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “வா. ரத்தத்தை எடு. மிச்சத்தை அங்க போய்க் கதைப்பம்.”

சிவபாலன் சோற்றுப் பார்சலை ஒரு பையில் போட்டு மச்சாளின் கையில் கொடுத்தார்.

ஒரு மணிக்கு ஆய்வுகூடத்தில் நிப்லா அக்காவின் கையில் ஊசியைப் போட்டாள். “மாமி, கைய இறுக்காம வைங்க,” என்றாள் அன்பாக. கடைசிச் சாப்பாடு வியாழன் இரவு எட்டு மணி என்று இந்த முறை அவளே கேட்டு எழுதிக்கொண்டாள்.

நடையில் ஒரு மர வாங்கு. அதில் அக்கா, தங்கச்சி, நடுவில் சோற்றுப் பார்சல்.

“வேற ஆரையும் கேளன்,” என்றாள் ஜெயராணி.

“கேட்டாச்சு. விமலாக்கா மாட்டாவாம். மற்றவை போன் எடுக்கினமில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆர் அக்கா விரதத்தை முறிப்பினம்?”

“அப்ப நான் மட்டும் முறிக்கலாமோ?”

“நீங்கள் முறிக்காட்டி நான் அந்த வரியை எழுதுவன். படிவத்தில இருக்குத் தானே, எழுதுவன். புதன்கிழமை பேராசிரியர் ஆகுவன். ஆனா நான் எழுதினது மெய்யோ பொய்யோ எண்டு சாகும்வரை எனக்குத் தெரியாது.”

“ஒரு வரிக்கு இவ்வளவு கதையோ?”

“அக்கா, என்ட கட்டுரையை நம்பி ஆரோ ஒருத்தன் அந்தக் குழியத்தைக் குறைக்க மருந்து செய்வான். களைப்போட கிடந்து உத்தரிக்கிற சனம் அதைக் குடிக்கும். குறைக்க வேண்டிய ஒண்டும் அங்க இல்லையெண்டா? உடம்பில இருக்கிற காவலையும் எடுத்துப்போட்டு அனுப்பினது நான் எண்டாகும். நீங்கள் ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷி. உங்கட விரதத்தால எனக்குக் கிடைக்கிற பதவி அப்படிக் கிடைக்க வேணுமோ?”

ஜெயராணி பையை இழுத்து மடியில் வைத்து, பார்சலைப் பிரித்தாள். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு பொரித்த மிளகாய்.

“முருகா,” என்றாள் மெதுவாக, “கோவிக்கிறதெண்டா என்னோட கோவி. இவளை விடு.”

முதல் பிடியை வாயில் வைத்தபோது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்தில் ஓடியது. துடைக்காமல் சாப்பிட்டாள். ஜீவராணிக்கு அந்த இடத்தில் தன்னையே அறைய வேண்டும் போல இருந்தது. ‘போதும் அக்கா, வேண்டாம்’ என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நேரத்தைக் குறித்தாள். ஒரு மணி முப்பது.

மூன்று மணிக்கு முதல் இரத்தத்தின் எண்ணிக்கை வந்தது. இருநூற்று நாற்பது. போன வருடமும் அக்காவுக்குக் கிட்டத்தட்ட அதுதான்.

இனி இரண்டாவது. அதுவும் இருநூற்று நாற்பதாகவே வந்தால் சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை, கட்டுரை தப்பிவிடும். சாமி, பூதம் ஒன்றையும் நம்பாத ஜீவராணி மெஷின் அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் மன்றாடினாள். ஏறக்கூடாது. ஏறவே கூடாது. யாரிடம் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நாலரைக்கு நிப்லா மறுகையில் இரத்தம் எடுத்தாள். சிவப்புக் குழியங்களைக் கரைத்து, வெள்ளைக் குழியங்களுக்கு நிறம் ஏற்றி, மெஷினில் வைக்கிறபோது ஐந்தே கால். திரையில் புள்ளிகள் விழத் தொடங்கின. மொனோசைட் விழுகிற மூலை கறுத்துக்கொண்டே வந்தது.

நானூற்று எண்பது.

நிப்லா திருப்பி ஒரு தரம் ஓட்டினாள். நானூற்று எழுபத்தைந்து. “மேடம்…” என்றாள்.

ஜெயராணி எட்டிப் பார்த்தாள். எண்களை வாசிக்கத் தெரியும், அவற்றின் அர்த்தம்தான் தெரியாது. முகம் மலர்ந்துவிட்டது.

“ரெண்டு மடங்கா வந்திட்டுது என்ன? பாத்தியே! சாப்பிட்டும் முருகன் கைவிடேல்ல!”

ஐயோ, அந்த முகத்துக்கு என்னவென்று பதில் சொல்கிறது? ஜீவராணி நாற்காலியில் இருந்தாள்.

“அக்கா, ஏறக்கூடாது எண்டுதான் நான் பாத்துக்கொண்டிருந்தனான். ஏறினதால எல்லாம் முடிஞ்சுது. நோயாளியளுக்குக் குழியம் அதிகமில்லை. உங்களுக்குத்தான் குறைவு, சாப்பிடாததால. நான் கண்டுபிடிச்சது உங்கட வெள்ளிக்கிழமையைத்தான்.”

ஜெயராணியின் முகம் மாறுவதைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. கணினிப் பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு மின்னஞ்சல் வந்து கிடந்தது. லண்டன் சஞ்சிகையிலிருந்து. ஐந்து மணி இரண்டு நிமிடம்.

‘திருத்திய கட்டுரையை அனுப்பியதற்கு நன்றி.’

அவள் ஒன்றும் அனுப்பவில்லையே! திறந்து பார்த்தாள். யேசுரட்ணம் அனுப்பியிருந்தார். மூன்றாவது மதிப்பீட்டாளருக்குப் பதில்: ‘படிவங்களின்படி, பங்கேற்ற அனைவரும் காலை உணவு உண்டிருந்தனர்.’

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது அவளுக்கு. பதிப்பாசிரியருக்கு நேரடியாகக் கடிதம் எழுதத் தொடங்கினாள். சுகமான ஆட்களில் பதினைந்து பேர் பட்டினியோடு இருந்தவர்கள், எங்கள் முடிவு நிற்காது, கட்டுரையை நிறுத்துங்கள். நான்கு வரி. அவ்வளவு கெதியாக அவள் வாழ்க்கையில் ஒன்றும் எழுதியதில்லை. அனுப்புகிற பொத்தானுக்குக் கை போகுமுன் போன் அடித்தது. அவரேதான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், இருநூற்று நாற்பது, நானூற்று எண்பது, நிப்லாவின் நோன்பு.

“ஒரு ஆள்,” என்றார் யேசுரட்ணம். “ஒரு ஆளின்ட ரத்தத்தை வைச்சு என்னத்தை நிரூபிச்சீர்? உம்மட மாணவன் இப்படி வந்து சொன்னா நீர் விடுவீரோ?”

விடமாட்டாள். அதுதான் கொதிப்பு. அந்த மனிதர் சொல்வதில் நியாயமும் இருந்தது.

“அப்ப நிறுத்தி, திருப்பிச் செய்வம் சேர்.”

“எந்தக் காலத்தில? நான் டிசம்பர்ல போறன். இது என்ட கடைசிக் கட்டுரை, ஜீவா. நீர் நேர்முகத்துக்குப் போகப் போறீர். படிவம் இருக்கு, கையெழுத்து இருக்கு. ஆர் வந்து கேக்கப் போகினம்?”

ஜீவராணி வாயைத் திறக்குமுன் போன் அவள் கையில் இல்லை. ஜெயராணி வாங்கிவிட்டாள்.

“சேர், நான் ஜீவாட அக்கா கதைக்கிறன். அந்தப் படிவத்தில முதலாம் நம்பர் சுகமான ஆள் நான்தான்.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “நான் அண்டைக்குச் சாப்பிடேல்ல. பதினைஞ்சு பேரும் சாப்பிடேல்ல. எட்டு மணி எண்டு பொய் எழுதினது நான். அவளுக்கு ஒண்டும் தெரியாது.”

மறுபக்கத்தில் அவர் நெடுநேரம் பேசினார். ஜெயராணி “ஓம்… ஓம் சேர்… விளங்குது” என்று மட்டும் சொன்னாள். பிறகு போனை மேசையில் வைத்தாள்.

“என்ன சொன்னவர்?”

“ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில பூசை முடிய எங்கட வீட்டை வாறாராம். உன்னைப் பாக்க இல்லையாம், என்னைப் பாக்க. அண்டைக்குச் சாப்பிட்டனான் எண்டு ஒரு கடிதம் அடிச்சுக்கொண்டு வாறாராம். நான் ஒரு கையெழுத்து வைச்சாக் காணுமாம், உனக்குப் பதவி நிச்சயமாம். தங்கச்சிக்கு இதைக்கூடச் செய்யமாட்டீரோ எண்டு கேக்கிறார்.”

ஜீவராணி அக்காவைப் பார்த்தாள். தங்கச்சிக்காக இருபது வெள்ளி பட்டினி கிடந்தவள். தங்கச்சிக்காகப் பதினைந்து பொய் எழுதியவள். அப்படிப்பட்டவளிடம் எங்கே தட்ட வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“ஓம் வாங்கோ எண்டு சொன்னன்.”

“அக்கா!”

“கத்தாதை. நீ அங்க எழுதி வைச்சிருக்கிறது என்ன?”

“நீங்கள் எல்லாரும் பட்டினி எண்டு. எங்கட முடிவு பிழையெண்டு.”

“அனுப்பிட்டியோ?”

“இல்லை.”

ஜெயராணி குனிந்து திரையைப் பார்த்தாள். இங்கிலீஷ் அவளுக்கு மட்டுமட்டு. பதினைந்து என்ற எண்ணை மட்டும் விரலால் தொட்டாள்.

“அதை அனுப்பு முதல்,” என்றாள். “பிறகு அவர் வரட்டும்.”